பல் செட் வைத்திருப்பவர்கள் கம்பி போட்டுக்கொள்ளலாமா? முதல் நாளிலிருந்து கடைசிப் பல் வரை ஒரு முழு வழிகாட்டி

"பல் செட் வைத்திருக்கிறீர்களே, இனிமேல் கம்பியெல்லாம் போட முடியாது" என்று யாரோ சொன்னதை நம்பி, சாய்ந்துகொண்டே போகும் பற்களோடு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மேலும் கீழும் முழுச் செட் போட்டவர்களுக்கு அந்தப் பேச்சு உண்மை. ஒன்றிரண்டு பல்லுக்கு மட்டும் செட் மாட்டியிருப்பவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களில் பெரும்பாலோர் கம்பி போட்டுக்கொள்ளலாம். சிலருக்கு அது அவசியமும்கூட.

வேலையின் வரிசை மட்டும் மாறக் கூடாது. இழந்த பல்லின் இடத்தில் கடைசியில் என்ன வரப்போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். அந்தப் பல்லைக் கட்டுவதோ, கம்பி வேலை முழுக்க முடிந்த பிறகு. இது தலைகீழானால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டிவரும்.

முதலில் உங்கள் வாயில் இருப்பது எது என்று பாருங்கள்

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கம்பி ஒரு பல்லை மெல்லத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது இப்படித்தான். வேரும் அந்தப் படலமும் இல்லாத இடத்தில் கம்பிக்கு வேலையே இல்லை. ஆகவே மேலும் கீழும் முழுச் செட் போட்டவர்களுக்கு, செட்டின் பல் எடுப்பாகவோ கோணலாகவோ தெரிந்தால், செட்டைப் புதிதாகச் செய்வதுதான் வழி.

மேல்தாடையில் முழுச் செட், கீழே முன்பற்கள் மட்டும் சொந்தப் பல் என்ற நிலை நம் ஊர்ப் பெரியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. கீழே கடைவாய்ப்பல் இல்லாததால் மெல்லும் வேலையெல்லாம் முன்பற்களுக்கு வருகிறது. அவை மேல் செட்டின் முன்பகுதியில் இடித்து இடித்து, அதற்கு அடியில் உள்ள எலும்பு கரைந்துபோகிறது. 1972-ல் கெல்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த நிலையை விவரித்து எழுதினார். இவர்களுக்குக் கீழ்ப்பற்களில் மட்டும் கம்பி போட்டு, மேலெழும்பியவற்றைத் தணித்து வரிசைப்படுத்தலாம். ஆனால் மேல் செட்டைப் பிடிமானமாக வைத்து ரப்பர் மாட்டி இழுக்க முடியாது. செட்தான் கழன்று வரும். கீழ்ப்பற்கள் சரியானதும் மேல் செட்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றி மாட்டும் பகுதிச் செட் போட்டிருப்பவர்களுக்குத்தான் வேலை சுலபம். இளஞ்சிவப்பு அக்ரிலிக் செட், வளையும் ஃபிளெக்ஸிபிள் செட், உலோகச் சட்டம் வைத்த காஸ்ட் செட் எதுவானாலும் கழற்றி வைத்துவிட்டு மிச்சப் பற்களில் கம்பி ஒட்டலாம்.

பிரிட்ஜ் போட்டிருந்தால் கதை வேறு. இரண்டு பக்கத்துப் பல்லையும் நடுவில் உள்ள செயற்கைப் பல்லையும் ஒரே துண்டாக இணைத்திருப்பார்கள். அந்தப் பற்களைத் தனித்தனியே நகர்த்த வேண்டுமானால் பிரிட்ஜை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய பிறகு தற்காலிகக் கேப் போட்டு, அதன் மேல் கம்பி ஒட்டுவார்கள். இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகுபோல இறக்கிய செயற்கை வேர் இருந்தால், அது எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதால் ஒரு இழைகூட நகராது. அது தவறான இடத்தில் இருந்தால் பெரிய தடை. சரியான இடத்தில் இருந்தால் மற்றப் பற்களை இழுக்க நல்ல பிடிமானம்.

இது யாருக்குத் தேவை

பதினைந்து பதினாறு வயதில் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகிப் பிடுங்கியவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். "உள்ளே இருக்கிற பல்தானே, வெளியே தெரியாது" என்று விட்டுவிடுவார்கள். சில வருடங்களில் பின்னால் இருக்கும் பல் அந்த இடைவெளிக்குள் சாய்ந்துவிடும். எதிரே கடிக்க ஆளில்லாத மேல்பல் கீழே இறங்கிவிடும். முப்பது வயதுக்கு மேல் செட் வைக்கப் போனால், இடம் குறுகி, செட்டோ பிரிட்ஜோ ஒழுங்காக உட்காராது. சாய்ந்த பல்லுக்கு அடியில் உணவு தேங்கி ஈறும் கெடும். அந்தப் பல்லை நிமிர்த்தாமல் கட்டும் எந்தப் பல்லும் அரைகுறைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு கூட்டம் பைக் விபத்தில் முன்பல் போனவர்கள், பிறவியிலேயே மேல் இரண்டாம் முன்பல் முளைக்காதவர்கள். ஒற்றைப் பல் அக்ரிலிக் செட்டோடு கல்லூரி, வேலை, கல்யாணம் என்று போயிருப்பார்கள். அதற்குள் பக்கத்துப் பற்கள் நெருங்கி வந்து, செட்டின் பல்லுக்கான இடம் குறுகிப்போயிருக்கும்.

வெறும் அழகுக்காக மட்டும் என்றாலும் தவறில்லை. வயது வரம்பும் கிடையாது. எலும்பும் ஈறும் ஆரோக்கியமாக இருந்தால் அறுபதிலும் பல் நகரும்.

படி 1: இரண்டு மருத்துவர்களை ஒரே பேச்சுக்குக் கொண்டுவாருங்கள்

கம்பி போடுவதில் எம்.டி.எஸ் என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவர் ஆர்த்தோடான்டிஸ்ட். இழந்த பல்லைக் கட்டுவதில் எம்.டி.எஸ் படித்தவர் பிராஸ்தோடான்டிஸ்ட். இருவரும் ஒரே கிளினிக்கில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கம்பி ஒட்டுவதற்கு முன்பே இருவரும் உங்கள் வாயைப் பார்த்திருக்க வேண்டும். கம்பி போடுபவர் "ஒரு பல்லுக்கு இடம் விடுகிறேன்" என்று முடித்துவிட்டு, பல் கட்டுபவர் "இந்த இடம் போதாது" என்று கையை விரித்தால், நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

செலவு கவலையாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ளன. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பொதுவாகக் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. காத்திருக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குச் சீட்டு எழுதி அனுப்புவது அங்கே வழக்கமான வேலை என்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்ல வசதி.

படி 2: ஈறு, சர்க்கரை, மாத்திரை

செட் போட்டிருப்பவர்களில் பலர் ஈறு நோயால் பல்லை இழந்தவர்கள். ஈறில் நோய் இருக்கும்போதே கம்பி போட்டால், நகரும் பல்லைச் சுற்றி எலும்பு வேகமாகக் கரைந்து, மிச்சமிருக்கும் பல்லும் ஆடத் தொடங்கும். ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் ஈறு சிகிச்சை. மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் விட்டு ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளப்பார்கள். 3 மி.மீ வரை இயல்பு. அதற்கு மேல் ஆழமாக, தொட்டால் ரத்தம் வருகிறது என்றால் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றது. ஈறு நோயில் எலும்பு கொஞ்சம் குறைந்திருந்தாலும் பரவாயில்லை, நோய் அடங்கியிருந்தால் மென்மையான விசையில் கம்பி போடலாம்.

சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுபோங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோடு தொடங்க வேண்டாம்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். முக்கியமாக, எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் அமில ஊசியோ எடுத்தவர்கள். அந்த மருந்துகள் எலும்பு கரைவதையே தடுப்பவை. பல் நகர்வதும் அதனால் தடைப்படும். பல் பிடுங்கினாலோ திருகு வைத்தாலோ தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்தும் உண்டு. வருடத்துக்கு ஒரு ஊசிதானே என்று பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். உலோகக் கம்மல் போட்டால் அரிக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள். கம்பியில் நிக்கல் இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் ஃபுளோரைடு கூடிய தண்ணீர் குடித்து வளர்ந்து, பல்லில் பழுப்பு, வெள்ளைத் திட்டுகள் உள்ளவர்களுக்குப் பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) ஒட்டுவது கொஞ்சம் சிரமம். அதற்கென்று தனி முறைகள் இருக்கின்றன, தயங்க வேண்டாம்.

படி 3: படம், அச்சு, திட்டம்

முழு வாயையும் காட்டும் ஓ.பி.ஜி எக்ஸ்ரே, முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே, புகைப்படங்கள், பல் அச்சு ஆகியவை எல்லாருக்கும் எடுப்பார்கள். இம்ப்ளாண்ட் யோசனை இருந்தால் முப்பரிமாண ஸ்கேனும் தேவைப்படும். செட்டோடு ஒரு முறை, செட் இல்லாமல் ஒரு முறை என்று அச்சும் புகைப்படமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். செட் இல்லாதபோது உங்கள் கடி எப்படி விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இதற்குப் பிறகு நடக்க வேண்டியதைத்தான் பல இடங்களில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அச்சில் உள்ள பற்களை வெட்டி மெழுகில் நகர்த்தி வைத்தோ, கணினியில் நகர்த்திப் பார்த்தோ, முடிவில் வாய் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி செய்ய வேண்டும். இடைவெளியில் வரப்போகும் பல்லையும் அதில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்விகள் சில.

இடைவெளியைத் திறந்து வைக்கப்போகிறோமா, மூடிவிடப்போகிறோமா? இதுதான் முதல் கேள்வி. மூட முடிந்தால் செட்டே தேவைப்படாது. மேல் இரண்டாம் முன்பல் இல்லாதவருக்குக் கோரைப்பல்லை முன்னே கொண்டுவந்து, அதன் கூர்மையைத் தேய்த்து, வடிவம் மாற்றிவிடலாம். கீழ்க் கடைவாய் இடைவெளியையும் பின்பல்லை முன்னே இழுத்து மூடலாம். ஆனால் பல் பிடுங்கி வெகுநாளான இடத்தில் எலும்பு மெலிந்து கத்தி முனைபோல் ஆகியிருக்கும். அதற்குள் அகலமான கடைவாய்ப்பல்லை இழுப்பது மெதுவான, நிச்சயமில்லாத வேலை. அப்படிப்பட்டவர்களுக்குப் பல்லை நிமிர்த்தி, இடத்தைத் திறந்து வைப்பதே நல்லது.

திறந்து வைப்பதென்றால், எவ்வளவு இடம்? 3.5 மி.மீ தடிமனுள்ள இம்ப்ளாண்டுக்கு இரண்டு பக்கமும் 1.5 மி.மீ எலும்பாவது வேண்டும். ஆக, வேர்களுக்கு நடுவே 6.5 மி.மீ. வேர்களுக்கு நடுவே என்பதைக் கவனியுங்கள். வெளியே தெரியும் பற்கள் விலகி அழகாக இடம் விட்டிருக்கும். உள்ளே வேர்முனைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கும். அங்கே திருகு இறங்காது. கம்பியைக் கழற்றிய பிறகு இது தெரியவந்து, திரும்பவும் கம்பி மாட்டிக்கொள்ள நேர்ந்தவர்கள் உண்டு.

கம்பிக்கு எவ்வளவு, இடைக்காலப் பல்லுக்கு எவ்வளவு, கடைசிப் பல்லுக்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

படி 4: அதுவரை செட்டை என்ன செய்வது

எல்லாருக்கும் உள்ள பயம் இதுதான்: கம்பி போட்டால் ஒன்றரை வருடம் ஓட்டைப் பல்லோடு திரிய வேண்டுமா? வேண்டாம்.

முன்பல்லானால், செட்டில் இருப்பதுபோன்ற ஒரு அக்ரிலிக் பல்லின் மேல் பிராக்கெட் ஒட்டி, அதைக் கம்பியிலேயே கட்டித் தொங்கவிடுவார்கள். பார்ப்பவர்களுக்குக் கம்பி போட்ட இன்னொரு பல்லாகவே தெரியும். இடம் திறக்கத் திறக்க அதை மாற்றிக்கொள்ளலாம், இடம் குறுகலாக இருந்தால் பக்கங்களைத் தேய்த்துக்கொள்ளலாம். அது கடிப்பதற்கான பல் அல்ல. எதிர்ப்பல் அதில் இடிக்காதபடி வைத்திருக்க வேண்டும். கம்பியில் அது ஆடவோ சுழலவோ தொடங்கினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்க் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைவாய்ப் பகுதியில் ஒன்றிரண்டு பல் என்றால் சும்மா விட்டுவிடுவதே நல்லது. பல பற்கள் இல்லாமல் செட்டைக் கழற்றினால் சாப்பிடவே முடியாது என்பவர்களுக்குப் பழைய செட்டைத் திருத்தித் தருவார்கள். சொந்தப் பல்லைப் பிடிக்கும் கம்பிக் கொக்கிகளை வெட்டி, நகரப்போகும் பல்லைத் தொடும் ஓரங்களைத் தேய்த்து, அடியில் மென்மையான பொருள் பூசி உட்கார வைப்பார்கள். பல் நகர நகர இதைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். அக்ரிலிக் செட்டை இப்படித் திருத்துவது எளிது. ஃபிளெக்ஸிபிள் செட்டும் உலோகச் செட்டும் இதற்கு இடம் கொடுக்காது; அவற்றுக்குப் பதில் விலை குறைந்த தற்காலிக அக்ரிலிக் செட் ஒன்று செய்துகொள்வது மேல். பழைய செட்டைத் திருத்தாமல் அப்படியே மாட்டிக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். கம்பி ஒரு பக்கம் இழுக்க, செட் பல்லைப் பழைய இடத்துக்கே தள்ளும்.

ஒரு எச்சரிக்கை. கொக்கி வெட்டிய சிறிய செட்டைப் போட்டுக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். தூக்கத்தில் தொண்டைக்குள் போனால் ஆபத்து. சாதாரண அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

கம்பிக்குப் பதில் அலைனர் (பற்களின் மேல் கழற்றி மாட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் உறை) போடுபவர்களுக்கு, பல் இல்லாத இடத்தில் அலைனருக்குள் பல் நிறப் பொருளை நிரப்பிக் கொடுப்பார்கள். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருப்பதால் வெளியே போகும்போது இடைவெளி தெரியாது. ஆனால் நன்றாகச் சாய்ந்துபோன கடைவாய்ப்பல்லை நிமிர்த்த அலைனரைவிடக் கம்பியே நம்பகமானது.

படி 5: கம்பி ஒட்டும் நாளும் அடுத்த மாதங்களும்

ஒட்டுவதற்கு வலி கிடையாது. கேப் போட்ட பல்லில் ஒட்டுவதுதான் சற்றுக் கடினம். செராமிக் கேப்பின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, தனி ரசாயனம் பூசி ஒட்டுவார்கள். கழற்றும்போது அதன் பளபளப்பு போகலாம் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பின்பக்கக் கேப்பானால் ஒட்டுவதற்குப் பதில் உலோக வளையம் மாட்டிவிடுவார்கள்.

முதல் சில நாட்கள் பல் கூசும், மெல்ல முடியாது. வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் சொல்வார்கள். இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வது மெதுவாகலாம். கன்னத்தில் கம்பி குத்தும் இடத்தில் மெழுகு வையுங்கள்.

பல் நகரும் வேகம் தோராயமாக மாதத்துக்கு 1 மி.மீ. அதிகமாக இறுக்கினால் சீக்கிரம் முடியும் என்று கேட்டு வாங்காதீர்கள். அதிக விசையில் நார்ப்படலத்துக்கு ரத்த ஓட்டம் நின்று வேலை தாமதமாகும், வேரும் தேயும். சாய்ந்த ஒரு கடைவாய்ப்பல்லை நிமிர்த்துவது மட்டும் என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். முழு வாய்க்கும் என்றால் ஒன்றரை முதல் இரண்டு வருடம்.

பல் இல்லாதவர்களுக்கு உள்ள தனிப் பிரச்சினை பிடிமானம். ஒரு பல்லை இழுக்க இன்னொரு பல் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் பல்லே இல்லாவிட்டால் எதைப் பிடிப்பது? அதற்குத்தான் மினி ஸ்க்ரூ. 2 மி.மீ-க்கும் குறைவான தடிமனும் 6 முதல் 10 மி.மீ நீளமும் உள்ள சிறு திருகை, மரத்துப்போக ஊசி போட்டுத் தாடை எலும்பில் இறக்குவார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். கீழே இறங்கிவிட்ட மேல் கடைவாய்ப்பல்லை மேலே ஏற்றுவதற்கும் இது கைகொடுக்கும். முன்பெல்லாம் அப்படிப்பட்ட பல்லைத் தேய்த்து, வேர் சிகிச்சை செய்து, கேப் போட்டுத்தான் இடம் உண்டாக்குவார்கள்.

சிலருக்கு நிரந்தர இம்ப்ளாண்டையே முதலில் வைத்து அதைப் பிடிமானமாகப் பயன்படுத்துவதும் உண்டு. அது நகராது என்பதால், படி 3-ல் சொன்ன மாதிரியில் அதன் இடம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசிப் பல் கடைசியில் என்ற வரிசைக்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

சாப்பாடும் சுத்தமும்

இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைந்த சாதம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பைக் கடிப்பது, வடுமாங்காய் ஆகியவற்றைக் கம்பி வேலை முடியும்வரை தள்ளி வையுங்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் துண்டாக்கிக் கடைவாயில் மெல்லுங்கள். வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் கம்பி போடும் காலத்திலாவது நிறுத்துங்கள்; கொட்டைப்பாக்கைக் கடித்தால் பிராக்கெட் தெறிக்கும். செராமிக் கம்பி போடுபவர்களுக்கு ஒன்று: நம் வீட்டுக் குழம்பின் மஞ்சள் ஒரே வாரத்தில் நிறமில்லாத ரப்பர் வளையங்களை மஞ்சளாக்கிவிடும். சாம்பல் அல்லது வெள்ளிநிற வளையம் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் செட்டைக் கழற்றிக் கழுவி, பல்லையும் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ்ஷை, தொங்கும் பல்லின் அடிப்பக்கத்துக்கும் விடுங்கள். அங்கே உணவு ஒளிந்துகொள்ளும். செட்டைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டாம், கீறல் விழும். சாதாரண சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். செட்டுக்கு அடியில் ஈறு சிவந்து எரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 6: கழற்றுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே

"அடுத்த மாதம் கழற்றிவிடலாம்" என்று சொல்லும் நாளில் சந்தோஷத்தில் இதை மறந்துவிடக் கூடாது. பல் கட்டப்போகும் மருத்துவர் ஒரு முறை பார்த்து, இடைவெளியை அளந்து, எக்ஸ்ரேயில் வேர்கள் இணையாக நிற்கின்றனவா என்று உறுதி செய்த பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். 1 மி.மீ குறைந்தாலும் கம்பி இருக்கும்போது சரிசெய்வது எளிது.

படி 7: ரீடெய்னர், பிறகு கடைசிப் பல்

கம்பி கழற்றிய பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஈறில் உள்ள நார்கள் புது இடத்துக்குப் பழகி அமைய ஒரு வருடம் வரை ஆகும். இடைவெளி உள்ளவர்களுக்கு அபாயம் இரட்டிப்பு. திறந்து வைத்த இடம் சில வாரங்களிலேயே குறுகத் தொடங்கும். ஆகவே கம்பி கழற்றும் அன்றே, பற்களைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் ரீடெய்னர் கையில் இருக்க வேண்டும், அதில் இல்லாத பல்லும் சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ரீடெய்னரும் அதுதான், தற்காலிகச் செட்டும் அதுதான்.

இம்ப்ளாண்ட் வைப்பதென்றால் திருகு எலும்போடு சேர பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அந்தக் காலத்திலும் இந்த ரீடெய்னர் இடத்தைக் காக்கும். பிரிட்ஜோ புதுச் செட்டோ என்றால், பற்கள் ஆடாமல் நிலைக்கும்வரை சில மாதங்கள் பொறுத்து அளவெடுப்பது நல்லது. நான் கேள்விப்பட்ட சண்டைகளில் பாதி, கல்யாணத் தேதிக்காக இந்த இடைவேளையைத் தவிர்த்து, புதுப் பல் பொருந்தாமல் போனதால் வந்தவை. நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் பல் வைத்த ரீடெய்னரோடே போய் வாருங்கள், யாருக்கும் தெரியாது.

புதுப் பல் பொருத்திய அன்று பழைய ரீடெய்னர் பொருந்தாது. அன்றைக்கே புதிய அச்சு எடுத்து, இரவில் போடும் ரீடெய்னர் ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்பற்களின் உட்பக்கத்தில் மெல்லிய கம்பி ஒட்டியிருந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது எங்காவது விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய செட்டை இனி மாட்டிப் பார்க்க வேண்டாம். நகர்ந்த பற்களில் அது சேராது, வலுக்கட்டாயமாக அழுத்தினால் புதுப் பல்லைத்தான் சேதப்படுத்தும்.